தேவகி பயந்து விழவில்லை

எதிர் வீட்டு தேவகி போய்விட்டாள். நேற்று சாயங்காலம் பெருநகர் ரோட்டு வளைவில், ஸ்கூட்டரில் வரும்போது... இன்று எடுத்துவிட்டோம்.

கமெண்டில் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். எனக்கும் அவளுக்கும் ஆகாது, தெருவுக்கே தெரியும். அவள் வீட்டுக் கோழி என் வடகத்தைத் தின்றதில் ஆரம்பித்தது. கோழி குழம்பாகிப் போயும் சண்டை ஆறவில்லை.

நான் எழுத வந்தது வேறு விஷயம். காலையிலிருந்து ஊரில் ஒரே பேச்சு.

"புதுசா வண்டி கத்துக்கினவ... பயந்துட்டா, வுழுந்துட்டா."

பயந்தாளாம். யார், தேவகியா?

ரெண்டு பேரும் ஒரே சமயத்தில்தான் வண்டி பழகினோம். சேர்ந்து இல்லை, போட்டிக்கு. அவள் பால்வாடியில் சமைக்கப் போய்வர வாங்கினாள். அதைப் பார்த்துவிட்டு நான் மாவு விற்க வாங்கினேன். ஏரிக்கரையில் அவள் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி.

அவள் எஞ்சினையே போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிந்தாள். முதலில் கனம் பழகணுமாம். அப்புறம் பிரேக் மட்டும். கொஞ்சம் போவாள், பிடிப்பாள். மறுபடி கொஞ்சம் போவாள், பிடிப்பாள்.

"இன்னாடி, வண்டிய வாக்கிங் கூட்டிக்கினு போறியா? அப்டியே தண்ணி காட்டிக் கூட்டிக்கினு வா" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் ஏறி உட்கார்ந்ததுமே முறுக்கினேன். நேராக வைக்கோல் போருக்குள் போய்த்தான் நின்றேன். பிரேக் எங்கே இருக்கிறது என்று உள்ளே போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவள் நிதானமாக வந்து, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மாட்டுக்குப் போட்டியா வந்துகீறியா? அதுக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றாள். வண்டியை இழுத்து நிறுத்தினாள். என்னைத் தூக்கிவிடவில்லை... மகராசி.

ரேஷன் கடைக்குக்கூட ஹெல்மெட் போடுவாள். முந்தானையை இழுத்துச் சுற்றி ஊக்கு குத்திக்கொண்டுதான் சீட்டில் உட்காருவாள்.

"நெலாவுக்கா போற? அங்க பாமாயில் போடறாங்களா?" என்று கேட்டேன்.

"என் தலைல மூள கீது, மூடி வெச்சிக்கிறேன். உனுக்கு இன்னா, காத்தாட வுடு" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் போய் ஹெல்மெட் வாங்கினேன். அவளுக்காக இல்லை.

இன்னொன்று சொல்கிறேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் நடு ரோட்டில் என் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ்ஸுக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.

எங்கிருந்து வந்தாளோ. எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.

"இன்னா, அடிச்சிக்கினே கீற? எறங்கி வந்து நீ தள்றியா?" என்று டிரைவரைக் கேட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"எரும, ஆக்சிலேட்டர வுடு. ரெண்டு காலையும் ஊணு. மூச்ச வுட்டுட்டு ஸ்டார்ட் பண்ணு. அவசரம்னா அவன் பறந்து போவட்டும்."

அன்று சாயங்காலம் தண்ணிக் குழாயில் பார்த்தேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். நானும் திருப்பிக்கொண்டேன்.

அவள்தான் பயந்தாளாம்.

அந்த வளைவில் இடது பக்கம் இப்போது ரோடே கிடையாது. நெல் காய்கிறது. வண்டி ஏறிவிடக் கூடாதென்று சுற்றிலும் தலை தலையாய்க் கல். ரோட்டில் நெல் காயவைக்காத ஊர் எது... ஆனால் மற்றவர்கள் நேர் ரோட்டில் போடுகிறார்கள், பொழுது சாய்ந்ததும் வாரிவிடுகிறார்கள். இந்த நெல்லுக்குச் சொந்தக்காரர் வளைவில் ஆள் உயரத்துக்குக் குவித்து, தார்ப்பாய் மூடி, அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

இடது ஓரத்தை விடாதவள் தேவகி. அந்த நெல்லைச் சுற்றித்தான் வலது பக்கம் போனாள். எதிரில் பால் வேன்.

வேன் டிரைவர் அழுதுகொண்டே சொன்னார். "மெதுவாத்தான் வந்தாங்க. இண்டிகேட்டர் போட்டாங்க, கைகூடக் காட்னாங்க. நெல்லு மறைச்சிக்கினு எனுக்குத்தான் தெர்ல."

அந்த நெல்லுக்காரர் இன்று மாலையோடு வந்தார். பெயர் வேண்டாம், ஊருக்குத் தெரியும். தேவகி வீட்டுக்காரர் தோளில் கை வைத்துப் பேசினார்.

"பொம்பளைக்கு எதுக்குப்பா வண்டி, பஸ்ஸா இல்ல? உன் பொண்ணு கைல கீற சாவியயாவது வாங்கி வை."

பெண் ஏனாத்தூர் காலேஜில் படிக்கிறாள், தினமும் வண்டியில்தான் போகிறாள். கற்றுக்கொடுத்தது தேவகி. தேவகி வீட்டுக்காரரும் அழுதுகொண்டே சாவிக்காகப் பெண்ணிடம் கையை நீட்டிவிட்டார்.

"உங்க நெல்லு எங்க காயுது, நைனா?" என்று கேட்டேன்.

"சாவு வூட்ல இன்னா பேச்சு இது?"

"இங்கதான் பேசணும். உங்க வூட்டுக்கு வந்தா நாய அவுத்து வுடுவீங்க. தேவகியத் திட்ட இந்த ஊர்ல ஒருத்திக்குத்தான் பாத்தியத, அது நானு. நீங்க போய்க் கல்லப் பொறுக்குங்க."

மாலையைப் போட்டார், போனார். எல்லாம் முடிந்து திரும்பும்போது பார்த்தேன். கல் அப்படியே இருக்கிறது.

பெண் சாவியைக் கொடுக்கவில்லை. மூடின கையைத் திறக்கவே இல்லை.

சரி தேவகி, நீ கிளம்பு. உன் பெண் வண்டியில்தான் போவாள். அந்த வளைவு தாண்டும் வரைக்கும் முன்னால் என் வண்டி போகும்.

அவளிடம் பேச மாட்டேன்... கவலைப்படாதே.