கதிரையில் கிடந்த செதில்

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்குப் பிறவியிலேயே தோல் காய்ந்து செதில் செதிலாக உதிரும். பரம்பரை வியாதி, தொற்றாது என்று டொக்டர் எத்தனை தடவை சொன்னாலும் என்ன, லிங்கநகர் வீட்டுக்கு வருகிறவர்கள் அவருடைய கதிரையில் மட்டும் உட்காரமாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவோ, "விடு பிள்ளை, கதிரையாவது எனக்கெண்டு கிடக்கட்டும்" என்று சிரிப்பார்.

எனக்கு அந்த வியாதி முழங்காலோடு நின்றுவிட்டது. மகள் பிறந்தபோது முகத்தைக்கூடப் பார்க்காமல் தோலைத்தான் பார்த்தேன். வழுவழுவென்றிருந்தது. வளர வளரவும் வரலாம் என்றார்கள். அதனால் தினமும் குளிப்பாட்டும்போது காலைத் தடவிப் பார்ப்பேன்.

அப்பா போனது கச்சான் காற்றடிக்கும் மாதத்தில். சனியன் பிடித்த அந்த வறள் காற்றுக்கு நல்ல தோலே வெடிக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் அவருடைய கதிரையில் ஒருவரும் இருக்கக்கூடாது என்றா அம்மா. நானே அதைத் துடைத்து அவருடைய படத்துக்கு முன்னால் வைத்தேன். செத்தவீட்டு அமளியில் மகளைக் குளிப்பாட்டுவது மச்சாளின் வேலையானது.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பின்னேரம், கதிரையில் வெள்ளையாகச் செதில் கிடந்தது. துடைத்தேன். அடுத்த நாளும் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அம்மா பயப்படவேயில்லை. "அவர் வந்து இருந்திட்டுப் போறார். துடையாதை" என்றா. அழுகையை நிறுத்திச் சோறும் தின்னத் தொடங்கினா. மத்தியானங்களில் கதிரையடியில் ஒரு பேணியில் தேத்தண்ணி ஊற்றி வைத்தா. பின்னேரம் பார்த்தால் பேணி காலி!

ஒருநாள் மத்தியானம் நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்க, கதிரை கிறீச்சிட்டது. பிறகு சர்சரென்று சொறிகிற சத்தம். அப்பா சொறிகிற அதே சத்தம். "அப்பா?" என்றேன். ஐயோ, என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

மகள் கதிரையில் காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். கையில் பேணி.

"கடிக்குதம்மா" என்று காலை நீட்டினாள். தடவினேன். சொரசொரவென்றிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அம்மா அறை வாசலில் வந்து நின்றா. செதிலையும் பேணியையும் பார்த்தா.

"அப்ப அவர் வரேல்லையே, பிள்ளை?"

மகளின் மற்றக் காலைத் தடவிக்கொண்டிருந்தேன். அதிலும் இருந்தது.