இருவாச்சிக் கூட்டில் நான் பூசிய மண்

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை எரிப்பதை மேற்பார்க்கும் வேலை எனக்கு. அந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்தவன். சாமான்களை அடுக்கி முடித்ததும் சூளை வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசிவிடுவோம். உள்ளே பார்க்க ஒரு துளை மட்டும் இருக்கும். பதம் தெரியாவிட்டால் ஒரு கல்லை உருவி, கம்பியால் ஒரு கிண்ணத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, கல்லைத் திரும்ப வைத்து மண்ணை அப்பிவிடுவோம். சூளைக்கு ஒன்றும் ஆகாது.

என் நண்பன் ஸ்டேஷன் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். கல்யாணப் படம் எடுத்து அலுத்துப்போய், பறவைகளை எடுக்கலாம் என்று அவன்தான் ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மணிமுத்தாற்றங்கரையில் மீன்கொத்திக்காகக் குப்புறப் படுத்துக் கிடப்போம். கழுவிப் பார்த்தால் படத்தில் ஆறு இருக்கும், நாணல் இருக்கும், மீன்கொத்தி இருக்காது. இருட்டறையில் அந்தப் படங்களைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

ஒரு கோடையில் கல்வராயன் மலைக்குப் போனோம். சேலம் ரயிலில் ஏறிச் சின்னசேலத்தில் இறங்கி, பஸ் பிடித்து, பிறகு நடை. வழிகாட்ட வந்தவர் தேன் எடுக்கிறவர், எங்கள் வயதுக்காரர்.

"சுட வர்ற சாருங்களைப் பாத்திருக்கிறேன். படம் புடிக்கன்னு வந்தது நீங்கதான். திங்கவும் மாட்டீங்க, அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம்?" என்றார்.

"இவனுக்குச் சமைக்கத் தெரியாதுங்க, அதான்" என்றான் நண்பன்.

எங்கள் பையைச் சுமந்துகொண்டு அவருடைய மச்சானும் வந்தார், மனைவியின் தம்பி. மூட்டுவலித் தைலத்துக்காக இருவாச்சிப் பறவை பிடிப்பதில் பேர்போனவராம்.

"தான் தேன் எடுக்கிற மரத்துல இருக்கிற கூட்டைத் தொட மாட்டேன்னு எங்கக்கா வயித்துப் புள்ள மேல சத்தியம் பண்ண வெச்சிட்டாருங்க இந்த ஆளு" என்று சிரித்தார் மச்சான்.

"தொட்டா தாய்மாமன் மடி கெடையாதுடா. காது குத்துறப்ப தூர நின்னு பாத்துக்க" என்றார் இவர்.

அந்த மரம் ஒரு சரிவில் நின்றது. எதிர்ப் பாறையில் ஏறினால் இருவாச்சியின் பொந்து கைக்கு எட்டும். முட்டையிட்டு அடைகாக்கப் பெட்டை உள்ளே போய், வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துவிட்டிருந்தது. மெல்லிய ஒரு பிளவு மட்டும். ஆண் வந்து அத்திப்பழங்களைத் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதன் வழியே ஊட்டியது. எனக்கு வியப்பு தாங்கவில்லை. அச்சு அசல் எங்கள் சூளை வாசல்.

"ஊட்டுல எஞ் சம்சாரமும் நெறமாசமா இப்படித்தான் கெடக்குது. நானும் இந்த ஆம்பளப் பறவையும் ஒரே வேலைதான் பாக்கிறோம்" என்றார் வழிகாட்டி. மனைவியைப் பார்த்துவிட்டு வருவதாக மச்சானோடு கிளம்பியவர், "கிட்ட மட்டும் போவாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆண் பறவை நன்றாகப் படத்தில் விழுந்தது. பெட்டையோ அலகு நுனியை மட்டும் காட்டியது.

"மூக்கு மட்டும் தெரிஞ்சா எவன்டா பொண்ணு போட்டோன்னு ஒத்துக்குவான்?" என்று அலுத்துக்கொண்டான் நண்பன்.

"ஒரு கல்லை உருவி மூடுற வேலை. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பேனாக்கத்தியால் பிளவின் ஓரத்தைப் பெயர்த்தேன். உள்ளே இமைமயிர் நீண்ட ஒரு கண் எங்களைப் பார்த்தது. நண்பன் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் மேல பாரும்மா" என்று சொல்லியபடி எடுத்தான். குடிதண்ணீரை ஊற்றிச் செம்மண்ணைப் பிசைந்து, பெயர்த்த இடத்தைப் பூசிக் கட்டைவிரலால் வழித்துவிட்டேன். பறவை பூசியதைவிட நேர்த்தியாக இருந்ததாகக்கூட நினைத்தேன். பட்டறையில் மணல் கலக்காத மண்ணை வாசலில் வைக்க விடமாட்டேன். வெறும் மண் காயும்போது சுருங்கி வெடிக்கும். அது எங்களுக்கு முதல் பாடம். அன்று அந்த அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

திரும்பி வந்தவர், "தொந்தரவு ஒண்ணுமில்லியே சார்?" என்றார்.

"இல்லை" என்றேன்.

மழைக்காலம் தொடங்குமுன் படங்களை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். அவருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் நடுவில் நின்றார். நாங்கள் போன கொஞ்ச நாளில் கூட்டு வாசல் உடைந்து, உள்ளே காலியாகி, கீழே இறகு கிடந்ததாம்.

"மரநாய்கூட இழுத்திருக்கும்யா. நான் தொடல" என்றார் மச்சான்.

"வாசல் ஒடையாம மரநாய் எப்படிடா கைய வுடும்? சார், நீங்களே சொல்லுங்க. நீங்க பாத்தப்ப வாசல் நல்லா இருந்துச்சா, இல்லியா?" என்றார் வழிகாட்டி.

நண்பன் என்னைப் பார்த்தான். என் கையிலிருந்த உறையில் அந்தக் கண்ணின் படம் இருந்தது. உடைத்த விளிம்பு அதில் துல்லியமாகத் தெரியும். உறையைப் பைக்குள் வைத்தேன்.

"நல்லாத்தான் இருந்தது" என்றேன்.

"படிச்சவங்களே சொல்லிட்டாங்க" என்றார் ஒரு பெரியவர். அதற்குமேல் பேச்சில்லை. காதுகுத்துக்கு மடி கொடுக்க மச்சானின் பங்காளி ஒருவரைச் சொன்னார்கள். வாசலில் குழந்தையோடு நின்ற அக்காவை மச்சான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் பக்கமாக வந்தபோது நின்றார்.

"உங்க மேல தப்பில்லீங்க. நீங்க கண்டதைச் சொன்னீங்க" என்றார்.

இறங்கும்போது நண்பன், "சொல்லியிருக்கலாம்டா" என்றான். நீயும்தான் இருந்தாய் என்று நான் கத்தினேன். அதன்பின் அவன் என்னைப் பறவை பார்க்கக் கூப்பிடவில்லை. கல்யாணப் படங்களுக்கே திரும்பிவிட்டான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அடுத்த வருடம் நான் மட்டும் தனியே போனேன். மச்சான் குடும்பத்தோடு ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். புதுக் கடுக்கனோடு குழந்தை என் மடியில் வந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகியது. அவன் அம்மா தினைமாவில் தேன் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். உடனே உள்ளே திரும்பிவிட்டாள்.

"நல்லவேளை, அன்னிக்கு நீங்க வந்தீங்க சார். இல்லாட்டி அவன் பேச்சை நம்பியிருப்பேன்" என்றார் அவர்.

நான் தேன்மாவைச் சாப்பிட்டு முடித்தேன். குழந்தையை இறக்கிவிட்டு, போய் வருகிறேன் என்று எழுந்தேன்.