பிடிக்காதது ஏதாவது உண்டா?

ஜப்பானில் ஒத்தாரு என்கிற கடலோர ஊரின் மேட்டுத் தெருக்களில் நகரப் பேருந்து ஓட்டுகிற ஹதனாகா மிசாவோவுக்கு ஊரில் எது எங்கே நடந்தாலும் மூக்கில் வியர்த்துவிடும். அப்படித்தான் அந்தச் சுஷிக் கடையையும் கண்டுபிடித்தாள். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, கடை என்று காட்ட வாசலில் தொங்குகிற துணித்திரை கிடையாது. சலவைக்கடைக்கு மேலே ஒரு மாடி, அவ்வளவுதான். ஆனால் காலை டிரிப்பில் பேருந்து வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்த மாடிக் கைப்பிடியில் ஒரு பெரிய மரத்தொட்டி வெயிலில் காய்வதைப் பார்த்தாள். சுஷிக்குச் சோற்றில் காடி கலந்து ஆறவைக்கிற தொட்டி. எந்தக் குடும்பம் அத்தனை சோறு தின்னும்?

விடுமுறை நாளில் படியேறிக் கதவைத் திறந்தாள். உள்ளே ஆறு நாற்காலி, ஆறும் காலி. மீன் வெட்டிப் பரிமாறுகிற நீளப் பலகைக்குப் பின்னால் ஒடிசலாக, புருவம் நரைத்த ஒரு மனிதர். குனிமோட்டோ மாஸ்டர்.

"யார் சொல்லி வந்தீங்க?"

"உங்க தொட்டி சொல்லுச்சு."

அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு இடம் இல்லைங்க" என்றார், ஆறு காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, கொஞ்சமும் கூசாமல். தெரிந்தவர் ஒருவர் கூட்டி வந்தால்தான் அந்த மாதிரிக் கடைகளில் இடம். வந்தவர் தப்பாக நடந்தால் கூட்டி வந்தவருக்குத் தலைகுனிவு. மிசாவோவைக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். கூட வேலை பார்க்கிறவர்களுக்கோ நூடுல்ஸ்தான் சொர்க்கம். ஆனாலும் விடாமல் போனாள். ஒவ்வொரு தடவையும் தலை வணங்கி, "அப்ப இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஒரு குளிர்காலத்தில் பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. மேட்டுக்குப் போகும் பேருந்தை அடிவாரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வண்டியைப் பணிமனையில் விட்டவள், வீட்டுக்குப் போகாமல் மேட்டில் ஏறிக் கடைக் கதவைத் தட்டினாள். மாஸ்டர் கதவைத் திறந்தபோது பலகையில் மீன் அறுத்துத் தயாராக இருந்தது. இடம் சொல்லிவைத்திருந்தவர்களில் ஒருவரும் வரவில்லை.

"எப்படி வந்தீங்க? பஸ்ஸே ஓடலையே?"

"தெரியும். நான்தான் அதை ஓட்டாதவ."

இந்தத் தடவை அவர் உதடு சிரிப்பில் கோணியது. நாற்காலியைக் காட்டினார். பிறகு, எல்லா மாஸ்டர்களும் கேட்பதைக் கேட்டார்.

"பிடிக்காதது ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்லைங்க."

பச்சைப் பொய். மிசாவோவுக்கு உனி ஆகவே ஆகாது. கடல் முள்ளெலியின் வயிற்றிலிருக்கும் அந்த மஞ்சள் சதைக்காக எந்தெந்த ஊரிலிருந்தோ ஒத்தாருவுக்கு வந்து மொய்க்கிறார்கள். அவளுக்கோ அது வாயில் பட்டதும் குமட்டும். ஆனால் இத்தனை பாடுபட்டு உள்ளே வந்தவள், உட்கார்ந்ததும் உட்காராததுமாக இது ஆகாது, அது ஆகாது என்பாளா? அந்த ஊரில் யார்தான் சொல்வார்கள்? கடைசியில் உனி வந்தது. கண்ணை இறுக மூடி, மெல்லாமல் விழுங்கினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"உனி சாப்பிட்டுக் கண்கலங்கின ஒருத்தரை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து சுவரோர நாற்காலி அவளுடையது. மாதம் ஒரு தடவை போவாள், பெட்டியில் இருப்பதிலேயே தடித்த உனி அவளுக்குத்தான் வரும். பக்கத்தில் உட்காருகிற பல் டாக்டர் இகாராஷி, உனி என்றால் உயிரை விடுகிறவர், மிச்சத்தைத் தின்றுகொண்டு அவள் தட்டை ஏக்கத்தோடு பார்ப்பார். மற்றதெல்லாம் அவளுக்கு அமிர்தம். முதல் துண்டு கணவாய் வாயில் வைத்ததும் அந்த மாதத்துப் பயணிகளின் ஏச்செல்லாம் மறந்துபோகும். வாழ்க்கையில் அவள் வேறெதையும் அவ்வளவு ஆசையாக எதிர்பார்த்ததில்லை. அதற்கு விலையாக ஒரு வாய் குமட்டலை விழுங்கினால் என்ன, குறைந்தா போய்விடும்? இப்படியே வருஷங்கள் ஓடின.

ஒரு கோடையில் மாஸ்டர் அவள் முன்னால் உனியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பழைய உனி வியாபாரி தொழிலை விட்டுட்டார். இது புது ஆளோட சரக்கு. பார்வைக்கு அழகா நிக்குது. இந்த சீசன் முழுக்க இவர்கிட்டயே எடுக்கலாமான்னு யோசிக்கறேன். நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க. நீங்க சரின்னா சரி."

மிசாவோ தட்டைப் பார்த்தாள். விழுங்கி வைக்கலாம், கண்கலங்கலாம், அதில்தான் தேறிவிட்டாளே. ஆனால் கடையின் பெயரையே அவள் நாக்கில் வைத்துவிட்டு நிற்கிறாரே மனுஷர். உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும். ஆசைப்பட்டு உட்கார்ந்த இடம். தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"மாஸ்டர், எனக்கு உனி பிடிக்காது. அன்னிக்கும் பிடிக்கலை. கண்ணுல தண்ணி வந்தது குமட்டலாலதான். பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க."

டாக்டரின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை அந்தரத்தில் நின்றது. மாஸ்டர் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். எழுந்து போய்விடலாமா என்று அவள் கைப்பையைத் தேடினாள்.

"எனக்கும் பிடிக்காது" என்றார் மாஸ்டர்.

"என்னது?"

"நான் நாகானோ மலைக்காரன். கடலையே பெரியவனானப்புறம்தான் பாத்தேன். உனி எது நல்லது, எது மட்டம்னு என் நாக்குக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒத்தாருல கடை வெச்சுட்டு இதை யார்கிட்ட சொல்றது? உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் நிம்மதியா வாங்கிட்டிருந்தேன்."

"என் மூஞ்சியையா!"

டாக்டர் சிரித்த சிரிப்பில் தேநீர் பலகையெல்லாம் சிந்தியது. "பழைய வியாபாரி யோக்கியரா இருக்கப்போய்த் தப்பிச்சீங்க, ரெண்டு பேரும்" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் அவள் தட்டை இழுத்து உனியை வாயில் போட்டார். முகம் சுருங்கியது. "கசக்குது. அழகா நிக்கறதுக்குப் படிகாரம் போட்டிருக்கான். வேண்டாம் மாஸ்டர்."

"இத்தனை நாள் நீங்க ஏன் வாயைத் திறக்கலை, டாக்டர்?" என்றார் மாஸ்டர்.

"என்னை யார் கேட்டா? அழுதவங்களைத்தானே கேட்டீங்க."

மாஸ்டர் பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். கையைக் கழுவி வந்து, பனி கொட்டிய அன்று நின்ற மாதிரியே அவள் எதிரில் நிமிர்ந்து நின்றார்.

"பிடிக்காதது ஏதாவது உண்டா?"

இந்தத் தடவை மிசாவோ அவசரப்படவில்லை. "உனி. அப்புறம் டாக்டர் விடற ஏப்பம்."

"பிடிச்சது?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. இருப்பதிலேயே எளிய பண்டம் அது. "வெள்ளரிக்காய்ச் சுருள்" என்றாள்.

மாஸ்டர் கடற்பாசித் தாளை விரித்துச் சோறு பரப்பி, மூக்கில் ஏறுகிற பச்சைக் கார விழுதான வசாபி தடவி, வெள்ளரிக்காய் வைத்து உருட்டி வெட்டினார். மிசாவோ ஒன்றை எடுத்துக் கண்ணைத் திறந்துகொண்டே மென்றாள். கண்கள் கலங்கின. அங்கே உட்கார்ந்த நாட்களிலேயே அன்றுதான் அவள் மிக சந்தோஷமாக இருந்தாள்.

மாஸ்டர் குனிந்து முகத்தைப் பார்த்தார். "இப்ப வர்ற கண்ணீரை நம்பலாமா?"

"வசாபி ஜாஸ்தி, மாஸ்டர்" என்றாள் மிசாவோ.

மாஸ்டர் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, அடுத்த சுருளில் காரத்தைக் குறைத்தார்.