அங்கம்மாவின் கடலைச் சட்டி

1973இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சைக்கிள் உதிரிபாகப் பட்டறையில் வேலைநிறுத்தம். ஒன்பதாம் நாள் காலை, அங்கம்மாவின் கண்ணெதிரிலேயே அங்கே வேலை பார்த்த அவள் புருஷன் வேம்புலியின் மண்டையை இரும்புத் தடியால் பிளந்தார்கள். முதலாளி கூலிக்குப் பிடித்த அடியாட்கள். முந்தானையால் அவன் தலையை அழுத்திப் பிடித்தபடி மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உயிர் தங்கியது, வலது கை மட்டும் செயலற்று விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்குத் தின்னும் வாய் நிற்கவில்லை. தெருவில் யாராவது சத்தம் போட்டால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வெல்லப் பானைக்குப் போய்விடும். வெல்லம், பொரியுருண்டை, கடை முறுக்கு. மெல்லும்வரை பயம் அடங்கும், விழுங்கியதும் திரும்பி வரும். ஆறு மாதத்தில் ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தாள். காலில் ஆணி குத்திய புண் ஆறவேயில்லை.

புண்ணுக்குக் கட்டுப்போட்ட நர்ஸ் தாட்சாயிணிதான் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தாள்.

"வாயக் கட்டுன்னு மட்டும் சொல்லாதம்மா. தின்னாங்காட்டி பயத்துலயே செத்துப்பூடுவேன்" என்று அழுதாள் அங்கம்மா.

"கட்ட வேணாம். வாயில போடறத மாத்து. ஒரு பிடி வேர்க்கடலைய அவிச்சு, ஒண்ணொண்ணா உரிச்சுத் தின்னு. உரிக்கறதுக்குள்ள பாதி பயம் போயிடும்."

வெல்லத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். முதல் வாரமே கடைக்கு ஓடி மிட்டாய் தின்றுவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு வெள்ளரிப்பிஞ்சு, நெல்லிக்காய், அவித்த கடலை என்று மெல்லப் பழகியது.

தன்னை அடித்த வழக்கில் வேம்புலி பூந்தமல்லி கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தைய மதியம். காலையிலிருந்தே அவளுக்குப் படபடப்பு. கடலையை அடுப்பில் ஏற்றியிருந்தாள். அதே அடியாட்களில் இரண்டு பேர் கள்ளிக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தார்கள்.

"இன்னாடா, கோர்ட்டுல வாயத் தொறப்பியா?" என்று ஒருவன் வேம்புலியின் மேல் கத்தியை ஓங்கினான்.

அங்கம்மா துணிகூடத் தேடவில்லை. கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் தூக்கி அவன் பிடரியில் கவிழ்த்தாள். அவன் அலறி விழுந்தான். மற்றவன் அவள் வாயில் குத்தினான். இரண்டு பல் தெறித்தது. கீழே கிடந்த கத்தியை எடுத்து அவன் தோளில் இறக்கினாள். தெரு திரண்டு வந்து இருவரையும் கட்டிப்போட்டது.

மறுநாள் உள்ளங்கைகளில் கட்டோடு புருஷனைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போனாள். வேம்புலி ஒன்று விடாமல் சொன்னான். அடியாட்கள் சிறைக்குப் போனார்கள், முதலாளி தப்பிவிட்டார்.

வெந்தவன் போட்ட அலறல் பல வருஷம் அவள் காதை விட்டுப் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் உட்கார்ந்து கடலை உரித்தாள்.