டில்லி ஸ்டேமரின் சலவைக்கல் முகம்

எங்கள் ஹால்டர்பி ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் வடக்குச் சுவர் முழுக்கப் பண்ணைக்காரர்களான மார்வுட் குடும்பத்தார்தான். கவசத்தோடு மல்லாந்து கிடக்கும் கல் வீரர்கள், பக்கத்தில் கைகூப்பிய மனைவிமார், மேலே வரிசையாகப் பெயர் பொறித்த பலகைகள். ஊரில் மற்றவர்கள் செத்தால் வெளியே புல்லுக்கடியில் போவார்கள். உள்ளே இடம்பிடித்த ஒரே வெளியாள் டில்லி ஸ்டேமர். அதுவும் உயிரோடு இருக்கும்போதே.

அவள் அப்பா ஜாப், மார்வுட் பண்ணையில் குதிரைவண்டி ஓட்டியவர். குடியிருந்ததும் பண்ணை வீடுதான். டில்லிக்கு ஆறு வயதில், மார்வுட் மாளிகையில் அதே வயதுக் குழந்தை சிசிலி தொண்டை அடைப்பான் கண்டு இறந்தாள். தாய் ஹொனோரியா சீமாட்டி மகளைச் சலவைக்கல்லில் வடிக்க லண்டனிலிருந்து ஒரு சிற்பியை வரவழைத்தார். வீட்டில் இருந்ததோ தொட்டில் வயதில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம். குழந்தை அசைந்துவிட்டதால் அதிலும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகைபோல ஏதோ தெரிந்தது. வாத்து ஓட்டிக்கொண்டு போன டில்லி அந்தச் சமயத்தில் சிற்பியின் கண்ணில் பட்டாள். அவளையே மாதிரியாக வைத்து வடிக்கலாம் என்றார்.

ஜாபுக்கு மனசு ஒப்பவில்லை. "உசுரோட இருக்கிற புள்ளையப் பொணம் மாதிரி படுக்க வைக்கிறதா?" என்றார்.

"கூரை அவங்களுது. ஒழுகினா போய்த் தலையச் சொறியறது நீங்கதானே? பேசாம அனுப்புங்க," என்றாள் மனைவி ரூத்.

வண்டிக்கொட்டகையில் ஒரு பெஞ்சில் டில்லி கண்மூடிப் படுத்தாள். அசையாமல் இருந்தால் இஞ்சி பிஸ்கட் கிடைக்கும். சிலை வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருந்தவர்கள் எல்லாரும் முதலில் கல்லைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி டில்லியைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்கவே வேண்டாம்.

"செத்தவ வர்றா, வழி விடுங்கடா!"

"ஆமாடா, வந்து ஒன் காலப் புடிச்சு இழுக்கத்தான்," என்பாள் டில்லி. சில பையன்கள் நிஜமாகவே ஓடினார்கள்.

சீமாட்டி ஆராதனை முடிந்ததும் சிலையின் கன்னத்தில் கைவைத்து நிற்பார். சில நாள் டில்லியையும் கூப்பிட்டனுப்பி, எதிரே உட்காரவைத்து, ஒன்றும் பேசாமல் தலைவாரி விடுவார். டில்லிக்குப் பால்பல் விழுந்து பெரிய பற்கள் கோணலாக முளைத்தன. கால்கள் நீண்டன. மாளிகையிலிருந்து அழைப்பு நின்றது. ஸ்டேமர் வீட்டுப் பெண் இனிமேல் கோயிலில் சீமாட்டி கண்ணில் படாமல் பெரிய தூணுக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று பண்ணைக் காரியக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ரூத் அழுதாள்.

"அங்கதாம்மா பாதிரியார் கண்ணு படாது. நல்லாத் தூங்கலாம்," என்றாள் டில்லி.

பன்றிப் பண்ணை வைத்திருந்த ஃபிரெட் உல்யட்டைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பையன்கள் பிறந்தார்கள். மாடு உதைத்து மூக்கு உடைந்தது, உடம்பும் போட்டது. சிலைக்கும் அவளுக்கும் உள்ள சாடை யாருக்கும் தெரியாமல் போயிற்று. போருக்குப் பிறகு சீமாட்டியின் மகன் மாளிகையை விற்றுவிட்டு வெளிநாடு போனான். கண்பார்வை மங்கிப்போன சீமாட்டி கோயில் வாசலை ஒட்டிய சின்ன வீட்டுக்கு வந்துசேர்ந்தார். அந்த வீட்டுக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்தவள் டில்லி.

ஒரு மத்தியானம் சீமாட்டி கேட்டார்: "ஸ்டேமர் பொண்ணுதானே நீ?"

"ஆமாங்கம்மா. இப்ப உல்யட்."

"கிட்ட வா. ஒன் மொகத்தத் தொட்டுப் பாக்கணும். சிசிலி இருந்திருந்தா இப்ப எப்படி இருப்பான்னு..."

டில்லி கூடையைக் கீழே வைத்தாள். கிட்டே போகவில்லை.

"இது என் மொகங்கம்மா. மாடு ஒதச்ச மொகம். இதுல உங்க பொண்ணு இல்ல. அந்தக் கல்லுலயும் இல்ல."

நீட்டிய கை அப்படியே நின்று, மெல்ல மடிக்குத் திரும்பியது. வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்றுதான் டில்லி நினைத்தாள். கிளம்பாமல் அவளே கேட்டாள்: "உங்க பொண்ணு நெசமா எப்படிம்மா இருந்தா?"

சீமாட்டி நினைவில் வெகுநேரம் தேடினார். "காது," என்றார். "ரெண்டு காதும் துருத்திக்கிட்டு நிக்கும். தொப்பி போட்டு மறைப்பேன்." அடுத்தது தானாகவே வந்தது. "வாயத் தொறந்தா பொய். ஜாமெல்லாம் தின்னுட்டு நாய் தின்னுச்சும்பா."

"மூடிய யாரு தொறந்தாங்களாம்? நாயா?"

"அதையேதான் நானும் கேட்டேன். 'அது ரொம்பக் கெட்டிக்கார நாய்மா'ன்னா."

சீமாட்டி சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். டில்லி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு முட்டை கொண்டுபோகும் நாளெல்லாம் அவள் அங்கே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வருவாள். சிசிலி பொம்மையைக் கிணற்றில் போட்டது, பாதிரியாரைக் கடித்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சீமாட்டி சிலைக்குப் பக்கத்தில் போய் நிற்பதை விட்டுவிட்டார். முழங்கால் வலி என்று ஊர் பேசிக்கொண்டது. டில்லி அதை மறுக்கவில்லை.

நான்கு குளிர்காலம் கழித்து சீமாட்டி போனார். மகன் வந்து பொன்னெழுத்தில் ஒரு பலகை பதித்துவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டான். டில்லி அதற்கப்புறமும் வெகுகாலம் வாழ்ந்து, எண்பது தாண்டித்தான் போனாள். ஃபிரெட்டுக்குப் பக்கத்தில், பூவாளிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் ஓரமாகப் புதைத்தோம்.

கோயிலைத் துடைப்பது இப்போது அவளுடைய மருமகள் பெரில். கல் குழந்தைக்குக் கழுத்து மடிப்பில்தான் அழுக்கு சேருகிறது, பழைய பல்தேய்க்கும் பிரஷ் இல்லாமல் போகாது என்று அலுத்துக்கொள்கிறாள்.