துணைக்கு வந்த அப்பா

இன்று நான் விட்ட புளுகு பலிக்கவில்லை. ஆனாலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா இறந்ததிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமில்லை. முதலில் காட்டிய டாக்டர் தலை நிமிராமலே மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு, "நான் இன்னா பைத்தியமா? இனிமே எங்கியும் வர்ல" என்று அப்பா முறுக்கிக்கொண்டார்.

திருப்பத்தூரில் ஒரு ஆலோசகர் மேடம் பொறுமையாகக் கேட்பார் என்று எங்கள் டீச்சர் சொன்னார். "எனக்குத்தாம்ப்பா தூக்கமே வர்ல, துணைக்கு வா" என்று அப்பாவை மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏற்றினேன்.

"சொல்லுப்பா, என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

கொட்டாவி விட்டேன். கண்ணைக் கசக்கினேன். "நைட்டெல்லாம் முழிச்சிக்கினே கெடக்குறேன் மேடம்..."

"பொய் சொல்றான் மேடம்," என்றார் அப்பா. "இவன் நல்லா தூங்குறான். வுடியிற வரைக்கும் இவன் கொறட்டைய கேட்டுக்கினு கெடக்குறது நான்தான்."

மேடம் சிரிக்கவில்லை. நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிப் போட்டார். "அப்படி முழிச்சிருக்கறப்ப யார நெனச்சிக்கிறீங்க?"

அப்பா அம்மாவின் பெயரைச் சொன்னார். இத்தனை மாதத்தில் அதுதான் முதல் முறை.

நான் நைசாக வெளியே வந்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா அழுதார், பேசினார், மறுபடி அழுதார். எங்கள் மலையிலேயே கெத்தான ஆள் அவர்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "அடுத்த வாரம் நானே போய்ட்டு வர்றேன். நீ வராத, உனுக்கு நடிக்கத் தெர்ல."

நடிப்பை விடுங்கள். நான் குறட்டை விடுகிறேனாமே? ஹாஸ்டலில் என் பக்கத்தில் படுத்தவர்கள் கமெண்டில் வந்து பேசவும். அப்பாவும் படிப்பார், பார்த்து எழுதுங்கள்.