ரங்கம்மா கேட்ட கள்ளு

சாகப்போகிற மனுஷன் வாயிலிருந்து வரும் கடைசி வார்த்தை எந்த பாஷையில் இருக்கும்?

ஓசூர் பாகலூர் ரோட்டிலிருந்து காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பும் ஒரு கம்பெனி பஸ்ஸில், ஒரு திங்கட்கிழமை இந்தக் கேள்வி எழுந்தது. பஸ்ஸில் இருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிற எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பதில் பிறகு ரங்கம்மாவிடமிருந்துதான் வந்தது. அதனால் இது அவருடைய கதை.

ரங்கம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை தமிழ். கல்யாணமான புதிதில் கூலி வேலைக்குப் போனார். பிறகு ரோஜாத் தோட்டத்தில் பூப் பறித்தார். பதினோரு வருஷமாக, வண்டிகளுக்கு ரப்பர் சீல் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அச்சிலிருந்து வரும் ரப்பர் வளையங்களில் பிசிர் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று பார்த்து, கெட்டதைச் சிவப்பு ட்ரேயில் போட வேண்டும். அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். பழைய சேலையை மடித்துத் தைத்த ஒரு மெத்தையை ரங்கம்மா தன் ஸ்டூலில் போட்டிருந்தார். வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் வரும் ‘மூன்றாவது கேட்’ என்ற துப்பறியும் தொடரை, ஓவர்டைம் போனவர்களுக்காகத் திங்கட்கிழமை பஸ்ஸில் அவர்தான் சொல்வார். இன்ஸ்பெக்டர் சாருலதாவின் இருமல், லாரி பிரேக் பிடிக்கிற சத்தம், பூட்ஸ் காலடி எல்லாம் அவர் தொண்டையிலிருந்தே வரும். தொடரைப் பார்த்தவர்கள்கூட அவர் சொல்வதை ஒருமுறை கேட்பார்கள். அவர் சொல்வதில் பாதிக்குமேல் சத்தமாகவே இருப்பதை அதுவரை யாரும் யோசித்ததில்லை.

அந்த வாரம் தொடர் மோசமான இடத்தில் நின்றது. எல்லைச் செக்போஸ்ட் பக்கத்துக் குடோனில் வாட்ச்மேன் கத்திக்குத்துப்பட்டுக் கிடக்கிறான். சாருலதா ஓடிவந்து அவன் தலையைத் தூக்கி, குத்தியது யார் என்று கேட்கிறாள். அவன் ‘கள்’ என்று ஆரம்பித்து, மிச்ச வார்த்தையை மூச்சோடு விழுங்கிவிட்டுச் செத்துப்போகிறான். அவ்வளவுதான். இனி அடுத்த சனிக்கிழமை.

அவன் கள்ளுக்கடைக்காரனைத்தான் சொன்னான் என்றான் சுபாஷ். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து மிஷின் ஓட்டுகிறவன். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அட்டிபெலேயில் பிறந்து வளர்ந்த சந்தோஷ் சிரித்தான். சாகிறவன் வாயில் ல வேறா, ள வேறா, கன்னடத்தில் கல்லு என்றால் கல், கிரானைட் குவாரிக்காரன்தான் கொலைகாரன் என்றான். ரங்கம்மா இரண்டு பேரையும் ஒதுக்கித் தள்ளினார்.

“கள்ளுன்னா எங்க பேச்சுல கண்ணுடா. எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டுனு சுத்தறானே அந்த எஸ்.ஐ., அவன்தான்.”

“வாட்ச்மேன் தெலுங்குன்னு யாருக்கா சொன்னா? இத்தன நாளு தமிழ்லதான பேசுனான்” என்றான் சுபாஷ்.

“டூட்டில தமிழ் பேசுவான். சாவும்போது எவன்டா டூட்டி பாப்பான்?”

பஸ் சிரித்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்துப் பார்த்தும் முடிவு கிடைக்கவில்லை. சுபாஷ் விடவில்லை.

“சரிக்கா, கண்ணுன்னே வச்சுக்குவோம். அப்ப நாப்பத்தேழு என்னாது?”

“எந்த நாப்பத்தேழு?” என்றார் ரங்கம்மா.

பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் சாகும்போது உள்ளங்கையை விரிக்கிறான். அதில் பேனாவால் நாற்பத்தேழு என்று எழுதியிருக்கிறது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, திரை முழுக்க அந்தக் கை மட்டும். தொடரைப் பார்த்த ஒருவரும் அதைத் தவறவிட்டிருக்க முடியாது.

பால் பொங்கிவிட்டது, எழுந்து போனேன் என்று ரங்கம்மா சமாளித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோதிமணி அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. டிப்ளமோ முடித்து, ரங்கம்மா பார்த்து அனுப்பும் ட்ரேக்களை மறுபடி சோதிக்கிற வேலையில் இருந்தாள். வீடே பற்றி எரிந்தாலும் ‘மூன்றாவது கேட்’ நடுவில் ரங்கம்மா எழுந்திருக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் கேன்டீனில் ஜோதிமணி போனை நீட்டினாள். அந்தக் கையைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன், பாருங்கக்கா என்றாள். ரங்கம்மா போனை மூக்குவரை கொண்டுபோய், சாய்த்துப் பார்த்து, ஐயோ எவ்வளவு ரத்தம் என்றார்.

“ரத்தம் இல்லக்கா. நேத்து நான் வச்ச தக்காளிச் சட்னி.”

ரங்கம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே சொன்னார். வலது கண்ணில் ஒரு வருஷமாகப் பால் ஊற்றினாற்போல் இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு இடது கண்ணும் அப்படியே. டிவியில் யார் வருகிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். வேலை? வளையத்தை இரண்டு கட்டைவிரலிலும் மாட்டி, இழுத்து, ஒரு சுற்று சுற்றுவார். பிசிர் இருந்தால் விரல் நின்றுவிடும். இந்த ஒரு வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு கெட்ட பீஸ்கூட வெளியே போனதில்லை. அது ஜோதிமணிக்கே தெரியும்.

ஆனால் வியாழக்கிழமை கண் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவது. போன முறை எப்படியோ குத்துமதிப்பாகத் தப்பித்துவிட்டார். தேறாவிட்டால் ஸ்டூல் போய்விடும். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஸ்டூல் போனால், அடுத்த மாதம் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அப்படிப் போன யாரையும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

“முதலுதவி ரூம்ல எழுத்து போர்டு மாட்டியிருக்கில்ல, அத எனக்கு மனப்பாடம் பண்ணிக் குடு. வியாழக்கிழம தாண்டட்டும், நானே டாக்டர்கிட்ட போறன்.”

ஜோதிமணிக்கு அது சரியாகப் படவில்லை. முடியாது என்றுதான் முதலில் சொன்னாள். மறுநாள் காலையில், எழுத்துகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள். ட. அடுத்த வரி ப, ம. அடுத்தது ர, ய, க. ரங்கம்மா அதைப் பாட்டுபோல முணுமுணுத்து இரண்டே நாளில் ஏழு வரியையும் பிடித்துக்கொண்டார். முன் சீட்டில் இருந்த சுபாஷ் இதைக் கேட்டு, ஏதோ துப்புக் கிடைத்திருக்கிறது என்று முடிவு செய்தான். ட என்றால் டிரைவர், ப என்றால் பங்காளி, ம என்றால் மாமனார் என்று சந்தோஷிடம் விளக்கிக்கொண்டிருந்தான். ரங்கம்மாவும் ஜோதிமணியும் அவனைத் திருத்தவில்லை.

வியாழக்கிழமை நர்ஸ் வந்தாள். கன்னடத்தில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரங்கம்மாவின் முறை வந்தது. நர்ஸைக் கொஞ்சம் கைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ, “ஊட்ட ஆய்த்தா?” என்று சாப்பாடு விசாரித்தார். வெயிலைப் பற்றி, பெங்களூர் டிராபிக்கைப் பற்றி, எல்லாம் சுத்தமான கன்னடத்தில் பேசினார். நர்ஸ் மகிழ்ந்துபோய், நம்ம ஊர் அம்மா என்று நினைத்து, சுவரில் மாட்டியிருந்த போர்டைத் திருப்பி மாட்டினாள். அந்த போர்டுக்கு ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம்.

ரங்கம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஒரே பனிமூட்டம்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கணீரென்று, ட என்றார். ப, ம என்றார். ர, ய, க. நர்ஸ் போர்டைப் பார்த்தாள், ரங்கம்மாவைப் பார்த்தாள். அவர் நான்காவது வரிக்குப் போய்விட்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்ற சந்தோஷ் வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற சுபாஷ், தன் துப்பு சுவரிலிருந்து ஒப்பிக்கப்படுவதைக் கேட்டு வாயைப் பிளந்தான். பிறகு இரண்டு பேருக்கும் புரிந்தது. சந்தோஷின் சிரிப்பு நின்றுபோனது.

“அம்மா, இது கன்னட போர்டு” என்றாள் நர்ஸ், மெதுவாக.

ரங்கம்மா மூடிய கண்ணிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் வந்தார். கோபமாகத்தான் வந்தார். கண் தெரியாமல் ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்தீர்களா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். ஜோதிமணி, போர்டை மனப்பாடம் பண்ணிக் கொடுத்தது நான்தான் என்று முன்னால் வந்து சொன்னாள். கூடவே, ரங்கம்மா அன்று காலையில் பார்த்து முடித்த இரண்டு ட்ரேக்களை அவர் முன் வைத்தாள். ஹரீஷ்குமார் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. நல்ல ட்ரேயில் ஒரு கெட்டதும் இல்லை. சிவப்பு ட்ரேயில் ஒரு நல்லதும் இல்லை.

“ரூல் ரூல்தான்க்கா, இன்னிக்கி நீங்க எந்திரிக்கணும்” என்றார். “ஆபரேஷன் பண்ணி, டாக்டர்கிட்ட எழுதி வாங்கினு வாங்க. அதுவரைக்கும் ஸ்டூல்ல யாரையும் நிரந்தரமா போட மாட்டன்.”

இந்தப் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று ரங்கம்மாவுக்குத் தெரியவில்லை. மெத்தையை எடுத்துக்கொள்ளப் போனார். ஜோதிமணி அதை விடவில்லை. அது இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் முதலில் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், வலி இல்லை. ஆனால் முகத்தில் துணியைப் போட்டு வெளிச்சத்தைக் காட்டியதும் ரங்கம்மா பயந்துவிட்டார். “நா கள்ளு, நா கள்ளு” என்று கத்தினார். என் கண்ணு, என் கண்ணு என்று தெலுங்கில் சொன்னது அது. பக்கத்தில் இருந்த நர்ஸ் திருநெல்வேலிக்காரி.

“நல்லா இருக்கே கத! இந்த நேரத்துல கள்ளா கேக்குது ஒங்களுக்கு?”

இடது கண்ணும் முடிந்து, ஒன்றரை மாதம் கழித்து அவர் பஸ் ஏறினார். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி. கொலைகாரி வந்துவிட்டாள் என்று சுபாஷ் எழுந்து கும்பிட்டான். அதற்குள் ‘மூன்றாவது கேட்’ மர்மம் உடைந்திருந்தது. வாட்ச்மேன் சொல்ல வந்தது கள்ளச்சாவி. நாற்பத்தேழு, குடோன் ஷட்டர் நம்பர். பஸ்ஸில் யார் சொன்னதும் சரியில்லை. ரங்கம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கதை எழுதினவனுக்குத் தெலுங்கு தெரியாது, அதுதான் விஷயம் என்றார். கூடவே ஆபரேஷன் கதையையும் சொன்னார்.

“நா செத்துட்டன்னே நெனச்சன்டா. வாயில வந்தது எங்க வூட்டுப் பேச்சுதான்.”

கேள்விக்கு அவ்வளவுதான் பதில். அதற்குமேல் பஸ்ஸில் யாரும் வாதம் செய்யவில்லை.

கம்பெனியில் ஸ்டூல் இருந்தது. மெத்தையும் இருந்தது, ஒரு மூலையில் தக்காளிச் சட்னிக் கறையோடு. அந்தக் கறையை முதலில் பார்த்தது ரங்கம்மாதான். யார் வேலை என்று கேட்டு ஜோதிமணியை அன்று முழுக்க விடவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது டிவியைக் காதால் பார்த்துக்கொண்டு, எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். படிக்கக் கொடுக்காதீர்கள், வாயால் சொல்லுங்கள். எந்த பாஷையில் வேண்டுமானாலும்.